பாரிஸ் பட்டியலும் பள்ளிக்கூடத்தடிக் கடையும்

கேள்வி:

புதுக்குடியிருப்புப் பக்கம் பள்ளிக்கூடம் ஒன்றின் அருகே சிறிய கடை நடத்துகிறேன். பிஸ்கற், ரொபி, ஜூஸ் பக்கற், நூடில்ஸ், சோடா, கச்சான் எல்லாம் விற்பேன். கோயில் திருவிழா வந்தால் வீட்டிலேயே மஸ்கற், பூந்தி, மிக்சர் செய்து விற்கிறேன்; நிறத்துக்குக் கேசரிப் பவுடர் போடுவேன். பாரிஸில் இருக்கும் அக்கா வைபரில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஈ 102, ஈ 211, ஈ 621 என்று நிறைய இலக்கங்கள். ‘எல்லாவற்றிலும் கொடியது ஈ 330, புற்றுநோய் தரும், பிரான்ஸ் வைத்தியசாலை ஒன்று கண்டுபிடித்தது’ என்று அதில் இருக்கிறது. கடையில் பார்த்தால் பாதிச் சாமானில் 330 இருக்கிறது. என் மகனுக்கு ஏழு வயது. ஓரிடத்தில் இருக்க மாட்டான், ஆசிரியையும் சொல்லிவிட்டார். கலர் ஜூஸ் குடிப்பதால்தானா? என் கணவரின் தகப்பனார் நெடுங்கேணியில் வயல் செய்தவர். கிட்னி வருத்தத்துக்கு வவுனியாவுக்குக் கிளினிக் போகிறார். மாமாவுக்கும் இந்தப் பக்கற் சாப்பாட்டால்தான் வந்ததா? அஜினோமோட்டோ விற்கலாமா? கடையில் எதை வைத்திருப்பது, எதை எறிவது?

பதில்:

அன்பின் தங்கைக்கு,

அக்கா அனுப்பிய பட்டியலைவிட, அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு விடயங்கள்தான் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தன. ஒன்று, நீங்கள் கையால் அள்ளிப் போடும் கேசரிப் பவுடர். மற்றது, மாமாவின் சிறுநீரகம். இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன்னர் பட்டியலைத் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் 330ஐயே நினைத்துக்கொண்டு வாசிப்பீர்கள்.

330ஐ முதலிடத்தில் வைத்து, பிரெஞ்சு வைத்தியசாலை ஒன்றைச் சாட்சிக்கு அழைக்கும் பட்டியல் என்றால், அது எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்வது கடினமல்ல. பாரிஸுக்குத் தெற்கே வில்ஜுயிஃப் என்றொரு புறநகர் இருக்கிறது. பெயர்பெற்ற புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று அங்கே உண்டு. 1976ஆம் ஆண்டு பிரான்ஸில் ஒரு துண்டுப்பிரசுரம் பரவத் தொடங்கியது. உணவில் சேர்க்கும் பொருட்களின் இலக்கங்களை வரிசைப்படுத்தி, அவற்றில் மிகக் கொடியது 330 என்றது. அந்த வைத்தியசாலையின் பெயரையும் போட்டுக்கொண்டது. வைத்தியசாலை தனக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று மறுத்தது. மறுப்பு எடுபடவில்லை. தட்டச்சுப் பிரதியும் போட்டோக் கொப்பியுமாக அது பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் பல ஆண்டுகள் போய்க்கொண்டே இருந்தது, பிரான்ஸைத் தாண்டியும் போனது. இப்போது வைபர் வழியாகப் புதுக்குடியிருப்புக்கு வந்திருக்கிறது. உங்கள் அக்கா அன்போடு அனுப்பியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று கொப்பி அடித்துக் கொடுத்த ஆசிரியர்களும் தாய்மாரும் அன்போடுதான் கொடுத்தார்கள்.

330 என்பது சிற்றிக் அமிலம். தேசிக்காயைப் புளிக்கச் செய்வது அதுதான். தோடம்பழத்தில் இருக்கிறது, தக்காளியில் இருக்கிறது, உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போது நம் உடலின் கலங்களே அதை உண்டாக்குகின்றன. புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புளிப்பு ரொபியை நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்திருக்கும் பிள்ளைக்குப் பல்லின் மேற்பூச்சு கரையும், அவ்வளவுதான் அதன் மேல் சொல்லத்தக்க குற்றம்.

இந்த இலக்கங்கள் என்னவென்றும் ஒருமுறை பாருங்கள். ஐரோப்பாவில் ஈ என்ற எழுத்தோடு எழுதுவார்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலும் எழுத்து இல்லாமல் வெறும் இலக்கம். மஞ்சளின் நிறப்பொருளுக்கு 100. வினாகிரியில் உள்ள அமிலத்துக்கு 260. உயிர்ச்சத்து சி 300. அப்பச்சோடா 500. நாம் மூச்சுவிடும் ஒட்சிசனுக்கும் 948 என்று ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். நூறுகளில் வருவன பெரும்பாலும் நிறங்கள், இருநூறுகள் பழுதாகாமல் காப்பவை, முந்நூறுகள் புளிப்பூட்டிகளும் எண்ணெய் கெடாமல் தடுப்பவையும், நானூறுகள் தடிப்பாக்குபவையும் எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைப்பவையும். இலக்கம் இருக்கிறது என்றால் யாரோ அதை ஆராய்ந்து கோப்பில் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து 1956இலிருந்து இதற்கென ஒரு நிபுணர் குழுவை வைத்திருக்கின்றன. விலங்குகளுக்கு எந்த அளவில் கெடுதி ஒன்றும் தெரியவில்லையோ, வழக்கமாக அதை நூறால் வகுத்து, ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொள்ளக்கூடிய அளவு என்று தீர்மானிக்கிறார்கள்.

இலக்கம் கிடைத்ததோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரொபிகளுக்கு வெள்ளைப் பளபளப்புக் கொடுத்த 171, அதாவது டைட்டேனியம் டைஒக்சைட், பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதைப் பாதுகாப்பானது என்று இனிக் கருத முடியாது என்றது. அடுத்த ஆண்டே அங்கே உணவில் தடை. செர்ரிப் பழ நிறமான 127க்கு அமெரிக்கா 2025 ஜனவரியில் அனுமதியை விலக்கியது. எனவே இலக்கம் எல்லாம் விஷம் என்பதும் பிழை, அனுமதித்துவிட்டார்கள், இனிக் கேள்வி இல்லை என்பதும் பிழை. எவ்வளவு உட்செல்கிறது, யாருடைய உடலுக்குள் செல்கிறது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்வியைத்தான் எந்தப் பட்டியலும் கேட்பதில்லை.

இனி உங்கள் கேசரிப் பவுடர். கடையில் விற்கும் கலர் ஜூஸைப் பற்றிக் கேட்ட நீங்கள், வீட்டில் செய்யும் மஸ்கற்றைப் பற்றிக் கேட்கவில்லை. நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

கணக்கைப் பாருங்கள். செம்மஞ்சள் நிறத்துக்குப் போடும் 110க்கு, உடல்நிறை கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் வரை என்று எல்லை வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் 20 கிலோ என்றால் 80 மில்லிகிராம். குளிர்பானத்தில் இந்த நிறம் லீற்றருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச உணவு நியமம்; அதை மதித்துச் செய்த 200 மில்லிலீற்றர் ஜூஸ் பக்கற்றில் அதிகபட்சம் 20 மில்லிகிராம் இருக்கும். நான்கு பக்கற் குடித்தால்தான் எல்லையைத் தொடுவான். (நான்கு பக்கற் குடித்தால் சீனியால் வரும் கேடு அதற்கு முன்னரே வந்துவிடும், அது வேறு.) இந்தியாவில் இனிப்புப் பண்டங்களுக்கும் செயற்கை நிறத்தின் எல்லை கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான். அதாவது ஒரு கிலோ மஸ்கற்றுக்குப் பத்தில் ஒரு கிராம் சாயம். உங்கள் அடுப்படியில் அதை நிறுக்கத் தராசு இருக்கிறதா? கரண்டி நுனியால் எடுத்து, நிறம் போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் என்று போடுவதுதானே வழக்கம்? அப்படி ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் சாயம் விழுந்துவிட்டால், 50 கிராம் துண்டு இரண்டைத் தின்ற பிள்ளைக்கு 100 மில்லிகிராம் போய்விடுகிறது. தூளில் எத்தனை பங்கு சாயம், எத்தனை பங்கு உப்பு அல்லது மா என்பது பொதியில் எழுதியிராவிட்டால் இந்தக் கணக்கையும் போட முடியாது.

அதைவிடப் பெரிய பயம், அந்தத் தூள் உண்மையில் உணவு நிறம்தானா என்பது. சந்தையில் சிறு பொலித்தீன் பையில், பெயரும் இலக்கமும் இல்லாமல் விற்கிற தூளில் துணிக்குப் போடும் சாயம் இருக்கலாம். ரோஸ் நிறத்துக்கு ரோடமின் பி, மஞ்சளுக்கு மெற்றனில் யெலோ என்று இரண்டு சாயங்கள் தெற்காசியாவில் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. இரண்டும் உணவுக்கு உரியவை அல்ல. 2024 பெப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையையே தடைசெய்தது ரோடமின் பி கண்டுபிடிக்கப்பட்டதனால்தான். பஞ்சுமிட்டாய் என்று அவர்கள் சொல்வது நம் திருவிழாக்களில் மணி அடித்து விற்கிற தும்பு முட்டாஸ். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் தாய்மார் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அக்காவின் பட்டியலில் இந்தச் சாயங்கள் இருக்காது. ஏனென்றால் இவற்றுக்கு இலக்கமே கிடையாது.

உங்களுக்கு என் யோசனை: பெயரில்லாத தூளை இன்றிலிருந்து எதிலும் போடாதீர்கள். மிக்சருக்கும் பூந்திக்கும் மஞ்சள் போதும். மஞ்சள் தூளிலும் கலப்படம் உண்டு, ஆகவே கட்டையாக வாங்கி இடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு வேண்டுமென்றால் பீற்றூட் சாறு. சூட்டில் கொஞ்சம் மங்கும், மங்கட்டும். மஸ்கற்றின் ருசி மாப்பாலிலும் நெய்யிலும் கிண்டும் கையிலும் இருக்கிறது, நிறத்தில் இல்லை. நிறமில்லாவிட்டால் விற்பனை குறையும் என்று நீங்கள் சொல்லக்கூடும். முதல் திருவிழாவில் குறையலாம். ‘கலர் போடாதது’ என்று ஒரு மட்டையில் எழுதி வையுங்கள். இப்போது அதைத் தேடி வாங்குகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

மகனுக்கு வருகிறேன். நிறத்துக்கும் பிள்ளைகளின் துடியாட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வெறும் வதந்தி அல்ல. 2007இல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகள் 153 பேரையும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் 144 பேரையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். செயற்கை நிறங்களும் 211 என்ற சோடியம் பென்சோவேற்றும் கலந்த பானத்தைச் சில வாரங்களும், பார்வைக்கும் ருசிக்கும் அதே போன்ற வெறும் பானத்தைச் சில வாரங்களும் கொடுத்தார்கள். எது எந்த வாரம் என்று பெற்றோருக்கும் தெரியாது, பார்த்து மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. கலவை குடித்த வாரங்களில் சராசரியாகத் துடியாட்டம் சற்றுக் கூடியது. எல்லாப் பிள்ளைகளிடமும் அல்ல, கூடியதும் பெரிய அளவில் அல்ல. கலவையாகக் கொடுத்ததால் குற்றவாளி எந்த நிறம் என்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலையிலிருந்து 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறு நிறங்களில் எது இருந்தாலும், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் இது பாதிக்கக்கூடும் என்று பொதியில் எழுத வைத்தது. உற்பத்தியாளர் பலர் அப்படி எழுதுவதைவிட நிறத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே நீங்கள் செய்து பார்க்கக்கூடியது இது. மூன்று வாரத்துக்கு அந்த ஆறு இலக்கங்களில் ஏதேனும் ஒன்று உள்ள எதையும் மகனுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் மஸ்கற்றும் அதில் சேர்த்தி. ஆசிரியையிடம் எதையும் சொல்லாமல், மூன்று வாரம் கழித்து அவன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். தாயின் கண்ணைவிட அந்தக் கண் இந்த விடயத்தில் நம்பத்தக்கது. மாற்றம் தெரிந்தால் அப்படியே தொடருங்கள், நட்டம் ஒன்றும் இல்லை. தெரியாவிட்டால் நிறத்தைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். கடை பூட்டும் வரை அவனும் விழித்திருக்கிறானா? நித்திரை குறைந்த பிள்ளை சோர்ந்து கிடப்பதில்லை, துள்ளுகிறது. பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா? காது சரியாகக் கேட்கிறதா? ஏழு வயதில் ஓரிடத்தில் இருக்க முடியாமல் படிப்பும் தடைப்படுகிறது என்றால், வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூடத்தில் ‘குழப்படி’ என்ற பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முன்னர் போவது நல்லது.

அஜினோமோட்டோவுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டாமிக் அமிலத்தின் உப்பு அது, இலக்கம் 621. அதே குளுட்டாமேற் தக்காளியில் உண்டு, தாய்ப்பாலிலும் உண்டு. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு வைத்தியர் சீன உணவகத்தில் சாப்பிட்டபின் தனக்குக் கழுத்து விறைத்தது, நெஞ்சு படபடத்தது என்று கடிதம் எழுத, அன்றிலிருந்து இந்தப் பழி. பின்னர் மறைத்துக் கொடுத்துச் செய்த சோதனைகளில், வெறும் வயிற்றில் மூன்று கிராம் அளவுக்குக் கொடுத்தபோது சிலருக்குத் தலையிடி போன்ற உபாதைகள் வந்தன. உணவோடு சேர்ந்து போகும்போது அது நிலையாகத் தென்படவில்லை. சாப்பிட்டால் உங்களுக்கு ஒத்துவரவில்லையா, விடுங்கள். விற்பதில் தவறில்லை. கொத்துக் கடையில் அஜினோமோட்டோவைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அதே கொத்தில் விழும் உப்பையும் எண்ணெயையும் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை. சாதாரண உப்பில் சோடியம் நூற்றுக்கு 39 பங்கு; 621இல் 12 பங்கு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சொல். ஒரு நூடில்ஸ் பக்கற்றை அதன் தூளோடு கரைத்துக் குடித்தால் அதில் பாதியளவு போய்விடும்.

பழுதாகாமல் காப்பவற்றில் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொசேஜ் வகைகளில் போடும் 250, நைத்திரைற்று. அது இல்லாவிட்டால் உயிரைக் கொல்லும் பொட்டுலிசக் கிருமி வளரலாம், அதனால்தான் போடுகிறார்கள். ஆனால் பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் தின்கிறவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்று 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சொன்னது. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் தினமும் அது போக வேண்டாம். மற்றது 220 முதல் 228 வரையான சல்பைற்றுகள். முட்டு வருத்தம் உள்ள சிலருக்கு இவை இழுப்பைக் கிளப்பிவிடும். உணவு பதனிடல் வகுப்புக்குப் போய் மாம்பழக் கோடியல் செய்யப் பழகிய பெண்கள் வன்னியில் பலர். கடைசியில் போடச் சொல்லும் வெள்ளைத் தூள் இந்த வகையாக இருப்பதுண்டு. நீங்களும் செய்வீர்களானால் சொன்ன அளவை நிறுத்துப் போடுங்கள், போத்தலில் எழுதியும் ஒட்டுங்கள்.

கச்சான் விற்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ்ஸை நிறுத்திச் சூடாக வாங்கித் தின்னும் கச்சானில் எந்தச் சேர்மானமும் இல்லை என்று எல்லோருக்கும் நம்பிக்கை. நன்றாகக் காய்ந்த கச்சான் என்றால் நம்பலாம். ஈரத்தோடு சாக்கில் கட்டிய கச்சானில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரல் புற்றுநோயை உண்டாக்குவது என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்ட நஞ்சு அது. வறுத்தாலும் முழுவதும் அழியாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். எண்ணெய்க்கும் கொடுக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

இனி மாமா. இங்கேதான் பொதியின் பின்பக்கத்தை நீங்கள் உண்மையாகவே வாசிக்க வேண்டும்.

அவருக்கு நோய் வந்தது பக்கற் சாப்பாட்டால் என்று நினைத்து யாரும் வீட்டில் ஒருவரையொருவர் குறைசொல்ல வேண்டாம். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் கண்டறியப்பட்டது; வவுனியாவும் முல்லைத்தீவும் அந்த நோய் காணப்படும் மாவட்டங்களில் சேர்கின்றன. வெயிலில் தண்ணீரில்லாமல் வேலை செய்வது, கிணற்று நீரின் வன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள் என்று பலவற்றை ஆராய்கிறார்கள். ஒன்றுதான் காரணம் என்று முடிவாகவில்லை. பிஸ்கற்றும் சோடாவும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இல்லை.

ஆனால் பழுதடைந்துவிட்ட சிறுநீரகத்துக்கு அவை வேறு பொருளாகிவிடுகின்றன. இப்படியான பொருட்கள் பலவற்றில் போடும் பொசுபேற்று, அதாவது பொசுபரசின் உப்பு, சுகதேகிக்கு ஒன்றும் செய்யாது; சிறுநீரகம் வெளியேற்றத் தவறும்போது இரத்தத்தில் தேங்கும். தோல் அரிக்கும், எலும்பு பலம் இழக்கும், இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். பயறு, உழுந்து, கடலை போன்றவற்றில் இருக்கும் பொசுபரசில் ஏறத்தாழப் பாதிதான் உடலில் சேரும். நம் குடல் அதை முழுவதும் பிரித்தெடுக்க மாட்டாது. சேர்மானமாகப் போடும் பொசுபேற்றோ பெரும்பாலும் முழுவதுமே உறிஞ்சப்பட்டுவிடும். பொதியில் அதன் பெயர் இருக்கும், அளவு இருக்காது. 338, 339, 340, 341, 450, 451, 452: இந்த ஏழு இலக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுச் சமையலறையில் ஒட்டுங்கள். கறுப்பு நிறக் கோலாவில் 338. சொசேஜ், மீற்போல் வகைகளில் 450, 451. சீஸ் துண்டுகளில் 339 அல்லது 452. நூடில்ஸில் பலமுறை காண்பீர்கள். கேக் மாவிலும் பேக்கிங் பவுடரிலும் உண்டு. எல்லாருக்கும் ஆகும் பொருட்கள்தான், மாமாவுக்கு ஆகாது.

இரண்டாவது, உப்பு. கருவாடு, ஊறுகாய், மிக்சர் மூன்றும் அவருடைய தட்டுக்கு வரக்கூடாது. முல்லைத்தீவுக் கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்று தெரியும், ஆனாலும். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது 508, பொட்டாசியம் குளோரைட். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகக்கூடும். இதே காரணத்துக்காக, வருத்தக்காரருக்குக் குளிர்ச்சி என்று சொல்லி இளநீர் வெட்டிக் கொடுக்கும் வழக்கத்தையும் கிளினிக்கில் கேட்காமல் செய்ய வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அதில் எந்த இலக்கமும் ஒட்டியிராது.

எவ்வளவு கட்டுப்பாடு தேவை என்பது நோயின் கட்டத்தைப் பொறுத்தது. தொடக்க நிலையில் உள்ளவரைப் பட்டினி போட்டு மெலிய வைப்பதும் கேடுதான். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, அவர் விரும்பிச் சாப்பிடும் பொருட்களின் வெற்றுப் பொதிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினினோடு பொட்டாசியமும் பொசுபேற்றும் எவ்வளவு என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களோ கணவரோ கூடப் போங்கள். வயதானவர் தனியே போனால் ‘எல்லாம் சரியாம்’ என்ற ஒரே பதிலோடு திரும்பி வருவார்.

கடைக்கு. எல்லாவற்றையும் எறிய வேண்டியதில்லை. 2016இலிருந்து நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு நிறக்குறி போடுகிறார்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைவென்றால் பச்சை. சிவப்புக் குறி உள்ளவற்றைப் பிள்ளைகளின் கண்மட்டத்திலிருந்து மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். பள்ளிக்கூடத்தடியில் இருக்கும் கடை என்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன். பட்டணத்துப் பெரிய கடைகள் கேட்காது. மோர், தேசிக்காய்த் தண்ணீர், அவித்த கடலை விற்றால் இலாபம் குறையாது, வேலைதான் கொஞ்சம் கூடும். சைவ விரதக்காரர் வாங்க வந்தால் 120 உள்ள சிவப்பு இனிப்பைக் கொடுக்காதீர்கள், அது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் நிறம். 471 தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பொதியில் சைவ உணவுக்கான பச்சைக் குறியோ ஹலால் முத்திரையோ இருக்கிறதா என்று பார்த்து அவரவர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் ஒரேயடியாக நிறுத்த வேண்டியது, உற்பத்தியாளரின் பெயர், முகவரி, திகதி, சேர்மான விவரம் எதுவும் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து போடும் ஐஸ்பழமும் நிற ரொபியும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி பிடிபட்டால் செய்தவர் மட்டுமல்ல, விற்றவரும் வழக்குக்குப் போக நேரிடும். சந்தேகமான சரக்கு ஏற்கெனவே கடையில் இருந்தால் ஒளிக்காமல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களே சொல்லுங்கள். மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. அந்தக் கேசரிப் பவுடரிலும் ஒரு பொதி மிச்சம் இருந்தால், எறிவதற்கு முன்னர் அவரிடம் காட்டி, எந்தக் கடையில் வாங்கியது என்றும் சொல்லிவிடுங்கள். அதே தூளை வாங்கி இன்னும் எத்தனையோ பேர் பூந்தி செய்துகொண்டிருப்பார்கள்.